இஞ்ஞாசியம்மாளின் குறுக்குப்பாதை

பெண் பார்க்க வந்தவனைக்
காடு பார்க்கக் கூட்டிப்போனவர் என் மாமியார்.
வத்தலக்குண்டில் ஏறிய பேருந்தில்
இரண்டு முறை வாந்தியெடுத்திருந்தேன்.
பஜ்ஜி இல்லை, காபி இல்லை.
"செருப்பு வழுக்காதுல்ல?"
சம்பளம் எவ்வளவென்று அவர் கேட்கவேயில்லை.
பாம்பார் சோலைக்குள் ஒன்றரை மணி நேரம்.
இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டையில்
அட்டை கடித்த ரத்தம் பூப்பூவாக.
திரும்பியதும் மகளிடம் சொன்னாராம்:
"பயந்தான். பயந்ததை மறைக்கல.
சரின்னு சொல்லு பிலோ."

அப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு.
ஆண்கள் ஷூ, ஆறாம் நம்பர், கேன்வாஸ்.
கணுக்காலுக்கு மேலே ஏற்றிச் செருகிய சுங்குடி.
கழுத்தில் ஒரு ஜெபமாலை, ஒரு விசில்.
விசிலுக்கு ஏழு பிள்ளைகளும்
ஏழு மேட்டிலிருந்து சோற்றுக்கு இறங்கி வருவார்கள்.
ஜெபமாலைக்கு ஒருவரும் வருவதில்லை.
அதனால் அதைத் தனியாக, நடந்துகொண்டே சொன்னார்.
"முட்டி போட்டா எனக்குத் தூக்கம் வருது.
மாதாவும் மலைநாட்டுக்கு
வேகு வேகுன்னு நடந்தவதான."
அறுந்து விழுந்த மணி ஒன்றுக்குப் பதிலாகத்
தைலமரக் காயைத் துளையிட்டுக் கோத்திருந்தார்.
நான்காம் பத்தில் ஓர் அருள்நிறை மந்திரத்துக்கு மட்டும்
எப்போதும் ஜலதோஷ மருந்தின் வாசனை.

வெள்ளகவி வழியாகப் பெரியகுளம் இறங்கும்போது
ஊர் எல்லையில் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்.
"அது அவங்க சாமி" என்றேன் ஒருமுறை.
"கால் என்னுதுதானே" என்றார்.
இன்றுவரை அதற்குப் பதில் தெரியவில்லை எனக்கு.

தையல் டேப்பை ஒட்டிய ஹார்லிக்ஸ் பாட்டிலில்
தினமும் மழை அளந்தார்.
காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்தார்.
பிலோ பிறந்த அன்று அரை இஞ்ச்.
எங்கள் கல்யாணத்தன்று: தூறல், அளக்க இல்லை.
கணவர் போன வருடத்தைப் பற்றி,
கடைக்குட்டியை முதுகில் கட்டிக்கொண்டு
பேரிக்காய்க் கூடையோடு ஏலத்தில் நின்றதைப் பற்றி,
எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில்தான்:
"அந்த வருசம் தொண்ணூத்திரண்டு இஞ்ச்."

கோபமும் உண்டு எனக்கு.
மூன்று வயது மகளைச்
சீகாரப் பூங்குருவி காட்டப் பனிமூட்டத்தில் கூட்டிப்போய்
இருட்டிய பிறகு கொண்டுவந்தார்.
மூன்று மாதம் பேசவில்லை நான்.
அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.
அந்த மகள் இப்போது ஷார்ஜாவில், பதினான்காம் மாடியில்.
போன முறை போனில், பேச்சின் நடுவே
அந்தக் குருவி போலவே விசிலடித்தாள்.

கடைசி எட்டு மாதம் படுக்கை.
கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார்,
தலை சுவருக்கு, கால் மலைக்கு.
"கண்ணு போயிடுச்சு. காலாவது பார்க்கட்டும்."

தொண்ணூற்றொரு வயது.
மோட்டார் ரோடு வேண்டாம், குறுக்குப்பாதை
என்று ஒரு காலண்டர் தாளில் எழுதியிருந்தார்.
ஆறு ஆண்கள், வழுக்கும் மண், பெட்டி.
மூன்றாவது வளைவில்
பாதையை அடைத்தபடி ஒரு காட்டுமாடு.
சாமியார் ஜெபத்தைப் பாதியில் நிறுத்தினார்.
கத்தக் கூடாது, ஓடக் கூடாது,
நேராகப் பார்க்கக் கூடாது,
வீட்டுக் கதை ஏதாவது மெதுவாகப் பேசு:
இது இந்தக் குடும்பத்தின் ஞானோபதேசம்.
பிலோ முன்னால் போய் வேறெங்கோ பார்த்தபடி
பிளம்ஸ் விலை சொன்னாள்.
பால்காரன் பாக்கி சொன்னாள்.
தண்ணீர் மோட்டார் எரிந்துபோனதைச் சொன்னாள்.
அம்மா இறந்துவிட்டதையும்
அதே குரலில் சொன்னாள்.
என் தோளில் பெட்டியின் விளிம்பு அழுத்திக்கொண்டிருந்தது.
இருபது நிமிடம் கழித்து அது
ஒரு பெருமூச்சு விட்டுச் சரிவில் இறங்கியது.

மறுநாள் காலையில்தான் பாட்டில் நினைவு வந்தது.
அடக்கத்தன்று யாரும் அளக்கவில்லை.
நேற்றைய மழையும் இன்றைய மழையும்
ஒன்றாக நின்றன.
எது எவ்வளவென்று பிரிக்கத் தெரியாமல்
டேப்பில் இருந்ததை அப்படியே எழுதினேன்:
முக்கால் இஞ்ச்,
இரண்டு நாளுக்கும் சேர்த்து.